நாலு ரிவர்ஸ், ஒரு ஃபார்வர்டு

அயனம்பாக்கம் துலுக்கானம் தன் பழைய பிக்கப் வண்டியை ரிவர்ஸ் கியரில் போட்டு, ஏழு கிலோமீட்டர் முன்னோக்கி ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னோக்கி அல்ல, முன்னோக்கி. அன்றைக்கு அவருக்குப் பின்னால் நின்ற வண்டிகளின் வரிசை ஆவடி வரைக்கும் போயிற்று. ஆவடியில் இடம் போதாமல் மடங்கி, பூந்தமல்லியைச் சுற்றிக்கொண்டு வந்து, அவருக்கே எதிரில் நின்றது. ஆவடி தொழிற்சாலையில் பீரங்கி வண்டி செய்கிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டு மதில்மேல் ஏறிப் பார்த்தார்கள். நம்மால் முடியவில்லையே என்று இரண்டு பேர் அழக்கூடச் செய்தார்கள்.

பெண்டாட்டி குப்பம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில், ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார் துலுக்கானம். வந்திருந்த நாற்பது பேரும் நம்பினார்கள். பீரங்கிக்காரர்கள் அழுததைத் தள்ளிவிட்டு மிச்சத்தை நம்பினார்கள். நம்பாதவன் ஒருவன்தான். தாயின் காரியத்துக்கு மொட்டை போட்டு, ஈர வேட்டியோடு நின்றிருந்த அவர் பிள்ளை கிஷோர்.

"அது நடக்கவே நடக்காதுப்பா," என்றான். "நீ ஃபர்ஸ்ட் கியர்லதான் வந்திருப்ப. டென்ஷன்ல உனக்குத் தெரியல."

"ரிவர்ஸ் போட்டா பாடுற பாட்டு வழி முழுக்கப் பாடிச்சேடா."

"ஒயர் ஷார்ட் ஆயிருக்கும்."

துலுக்கானத்துக்குப் புரியாதது ஒன்று இருந்தது. இவர் சின்ன வயசில் ஏரியில் ஆளுயர விரால் பிடித்ததை எல்லாம் சிரித்துக்கொண்டே கேட்கிற பையன். பெண்டாட்டி கவிப்பிரியாவிடம் அதையே கை இரண்டையும் விரித்துச் சொல்கிற பையன். இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் இப்படி முகம் வெளுத்துச் சண்டைக்கு வருகிறான்?

அந்த வண்டிக்கு இருபத்தாறு வயசு. காலை நாலு மணிக்கு இட்லியும் வடகறியும் சாம்பாரும் ஏறும். ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் தட்டோடு காத்திருப்பார்கள். வலப்பக்கம் துலுக்கானம், இடப்பக்கம் குப்பம்மா. சாம்பார்க் குண்டான் அவள் இரண்டு பாதங்களுக்கு நடுவில், வடகறித் தூக்கு மடியில். இடக் கை எப்போதும் ஜன்னலுக்கு வெளியே. அந்தப் பக்கம் வருகிறவனை நிறுத்துவதும் போகச் சொல்வதும் அந்தக் கைதான். அது காட்டினால் தண்ணீர் லாரியே நின்றது. இந்த ஊரில் ரயிலுக்குக் கேட் போட்டாலும் தண்ணீர் லாரி நிற்காது என்பது தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். வண்டியின் பின்கதவில் சிவப்பும் மஞ்சளுமாக 'கிஷோர்' என்று எழுதியிருந்தது. பையன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது எழுதியது. அப்போதெல்லாம் அவன் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவான். கல்லூரி முடித்து, கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், முகப்பேரில் ஃபிளாட் வாங்கிய வழியில் எங்கேயோ அது அப்பா ஆகிவிட்டது.

குப்பம்மாவுக்கு மூன்று வருஷமாகக் கிட்னி வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போவாள். உப்பு ஆகாது, தண்ணீருக்கு அளவு, டீ அரை டம்ளர். ஊருக்கே உப்பு பார்த்துப் போட்டவள், தன் கஞ்சியை மட்டும் வெறும் கஞ்சியாகக் குடித்தாள். "வாயில வெச்சா செவுத்த நக்குன மாதிரி கீது," என்று சொல்லிக்கொண்டே.

தீபாவளி கழிந்த வாரம் மூச்சு வாங்குகிறது என்று வண்டியிலேயே கூட்டிப்போனார் துலுக்கானம். பாதி வழியில், பின்னால் யாரோ இரும்பு அண்டாவைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்ட மாதிரி ஒரு சத்தம். வண்டி நின்றது நின்றதுதான். பின் ஆக்சிலுக்குள் பல்சக்கரம் எல்லாம் பொடியாகிவிட்டது. போகிற ஆட்டோவை மறித்து, மூன்று பேர் சேர்ந்து குப்பம்மாவைத் தூக்கி, பின்சீட்டில் குறுக்காகப் படுக்க வைத்தார்கள். இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தன.

ஆஸ்பத்திரியில் மூச்சு கொஞ்சம் சீரானதும் அவள் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"மூட்டையாட்டம் தூக்கிப் போட்டாங்க பாத்தியா. ஊட்டுக்குப் போறப்ப அப்டி போவ மாட்டேன். நம்ம வண்டில, என் சீட்டுல, குந்திகினுதான் வருவேன். படுத்துகினு போனா பொணம்யா. குந்திகினு போனா மனுஷி."

"இட்டும் போறேன்மே."

"கைல அட்ச்சி சொல்லு."

ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்த அந்த இடக் கையில், வலிக்காமல் அடித்துச் சொன்னார்.

வண்டி அத்திப்பட்டில் ரசாக் பாய் ஷெட்டுக்குப் போயிற்று. அப்துல் ரசாக் முப்பத்தைந்து வருஷமாக மெக்கானிக். துலுக்கானத்தின் கணக்கில், செத்துப்போன என்ஜின் இவர் நிழல் பட்டால் இருமும். ஆனால் அந்த மாடல் வண்டிக்கு உள் பல் செட்டு எங்கேயும் இல்லை. மழையில் பத்து நாள் அலைந்து, கடைசியில் பக்கத்து இரும்புக் கடையிலேயே, ஆவடியில் ஏலம் எடுத்த ஒரு பழைய ஜீப்பின் பின் ஆக்சில் முழுசாகக் கிடப்பதைப் பார்த்தார்கள். சணல் கயிற்றால் அளந்தார் ரசாக். ஒரு விரல் கடை வித்தியாசம். கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தூக்கிவந்து போட்ட பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஜீப்பில் ஆக்சிலுக்கு அடியில் ஸ்பிரிங் பட்டை உட்காரும். பிக்கப்பில் மேலே உட்காரும். அதனால் பட்டைக்கான சீட்டு இரண்டும் ஆக்சிலின் அடிப்பக்கம் இருந்தன. முறைப்படி அவற்றை அறுத்தெடுத்து மேல்பக்கம் வெல்டிங் வைக்க வேண்டும். மூன்று நாள் மழையில் ஷெட்டுக்குக் கரெண்டு இல்லை. அன்றைக்குக் காலையில்தான் பெரிய டாக்டர் துலுக்கானத்தைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் உடம்பு எதையும் ஏற்காது, நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போய் மனசு நிறைய வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்.

அதை ரசாக்கிடம் சொன்னபோது அவர் எழுந்து ஆக்சிலை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பிறகு ஆக்சிலைக் காலால் ஒரு புரட்டுப் புரட்டினார்.

"அண்ணாத்தே, இத்த கவுத்துப் போட்டா சீட்டு தானா மேல வந்துருது பாரு. வெல்டிங்கே வாணாம். நமக்குன்னே செஞ்சி வெச்ச மாதிரி கீது."

துலுக்கானமும் குனிந்து பார்த்தார். உண்மையாகவே அழகாக உட்கார்ந்தது. இருபத்தாறு வருஷம் ஓட்டியவருக்கும் உறைக்கவில்லை, முப்பத்தைந்து வருஷம் பிரித்து மாட்டியவருக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேர் மனசும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தது.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு யூ போல்ட்டை முறுக்கி, பிரேக்குக் காற்று எடுத்து, எல்லாம் முடிந்தது. துலுக்கானம் ஏறி, சாமியை நினைத்து, ஃபர்ஸ்ட் கியர் போட்டார். வண்டி பின்னால் பாய்ந்தது. தண்ணீர் டிரம்மைச் சாய்த்து, எதிர் டீக்கடை பெஞ்சைப் பிளந்து நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் டீ சிந்தாமல் தப்பி, அந்த டம்ளரோடு திருவேற்காடு வரைக்கும் ஓடினார் என்பது துலுக்கானம் சொன்னது. செகண்ட் போட்டார், இன்னும் வேகமாகப் பின்னால். மூன்றாவதும் நாலாவதும் போட்டுப் பார்க்கவில்லை.

ரசாக் சேற்றில் குந்தி, விரலால் ஒரு வட்டமும் அதைத் தொடுகிற மாதிரி ஒரு சின்ன வட்டமும் போட்டார். தலைகீழாக மாட்டியதில் பெரிய பல்சக்கரம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. அதனால் சக்கரம் எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஒரு வண்டிக்கு நாலு ஃபார்வர்டு, ஒரு ரிவர்ஸ். இந்த வண்டிக்கு நாலு ரிவர்ஸ், ஒரு ஃபார்வர்டு. சொல்லிவிட்டுச் சேற்றுக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

"நேத்து வண்டி கயுவ வந்தவன்கூட இத்த செய்ய மாட்டான். ஒரு நா குடு அண்ணாத்தே. அவுத்து, அறுத்து, நேரா மாட்டித் தரேன்."

"கரெண்டு?"

ரசாக் தலைக்குமேல் தொங்கிய பல்பைப் பார்த்தார். அது நாலாவது நாளாக அணைந்தே இருந்தது.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மூன்று மணிக்குள் படுக்கையைக் காலி செய்ய வேண்டுமாம், அடுத்த நோயாளி வந்துவிட்டாராம். அதை வைத்ததும் கிஷோர் போன் செய்தான். ஆபீசில் சொல்லிவிட்டுக் கிளம்புவதாகவும், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடுவதாகவும் சொன்னான். துலுக்கானம் அதெல்லாம் வேண்டாம், நேரே வீட்டாண்ட வந்து நில்லு, நான் இட்டாந்துடறேன் என்றார். எதில் என்று சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும். வண்டி ஆக்சில் இல்லாமல் கட்டையில் நிற்கிறது என்றே பையன் நினைத்துக்கொண்டிருந்தான்.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கேட்டார்.

"பாய், ரிவர்ஸ் போட்டா முன்னால போவும்ல?"

"போவும். நடக்குற ஸ்பீடுலதான் போவும். என்ஜின் கத்தும்."

"போவட்டும். அவளுக்கு இன்னா அவசரம் இப்ப."

ரசாக் ஆயில் கேனைத் தேடி எடுத்தார்.

பின்னால் ஏறி, நீலத் தார்ப்பாயைப் பின்கதவு மூடத் தொங்கவிட்டுக் கட்டி, ஆயில் கேனோடு உள்ளே குந்தினார். கவிழ்ந்த ஆக்சில் எண்ணெயைக் கக்கும். சத்தம் மாறினால் அவர் கூரையில் தட்டுவார், வண்டியை நிறுத்தி இறங்கி ஊற்றுவார். வண்டி கிளம்பியது. கிளம்பியதும் ரிவர்ஸ் பாட்டு ஆரம்பித்தது. ஊரில் பாதி வண்டிகளில் இருக்கிற அதே பாட்டு, வண்டி நின்றால்தான் நிற்கும். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் அதைக் கேட்டுப் பழக்கதோஷத்தில் பின்னால் ஓடிவந்து நின்று, வா வா என்று கை காட்டினார். வண்டி அவரை விட்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அவர் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டார் என்று கேள்வி.

குப்பம்மா வீல்சேரில் வந்தாள். பாதி ஆளாக இருந்தாள். ஆனால் வண்டியைப் பார்த்ததும் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். இரண்டு நர்சுகளும் துலுக்கானமும் பிடித்து ஏற்ற, தன் சீட்டில் உட்கார்ந்து, குண்டான் இருக்கிற இடத்தில் பாதத்தை அகட்டி வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்ததும் பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

"இன்னாயா, நம்ம வண்டி பாடுது?"

விஷயத்தைச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள். தார்ப்பாய்க்குள்ளிருந்து ரசாக், தங்கச்சி என்னை மன்னிச்சிரு என்று குரல் கொடுத்தார். ஒயரைப் பிடுங்கிவிட்டால் பாட்டு நின்றுவிடும் என்றார்.

"உடு பாய், பாடட்டும். மோளம் வெச்சி இட்டாற மாதிரி கீது."

மழை விடாமல் பெய்தது. என்ஜின் கத்த, பாட்டு பாட, வண்டி நடந்தது. மாசமாக இருந்த ஒரு பெண் குடையோடு தாண்டிப்போனாள். இளநீர் வண்டிக்காரர் தாண்டிப்போனார். அயனம்பாக்கம் ஏரி நத்தை ஒன்று தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டது. எஸ்டேட் வாசல் வந்ததும் குப்பம்மா நிறுத்தச் சொன்னாள். தினமும் இவர்கள் வண்டி நிற்கிற இடத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"ஒரு டீ வாங்கினு வாய்யா."

"அரை டம்ளர்தான்."

"முயு டம்ளரு. பன்னும் வாங்கு."

துலுக்கானம் அவள் முகத்தைப் பார்த்தார். இறங்கி, நனைந்துகொண்டே போய், முழு டம்ளர் வாங்கிவந்தார். மூன்று வருஷத்தில் முதல் முழு டீ. பன்னைத் தோய்த்து, மெல்ல மெல்லத் தின்று, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம் என்றாள். அதற்குள் அவர் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

மறுபடி கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் பின்னால் ஒரு ஹாரன் பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு அல்ல, கையை எடுக்காமல்.

"யாருய்யா அது, இந்தக் கத்து கத்துறான்?"

"எவனோ அவசரத்துக்குப் பொறந்தவன்."

"வயி உடேன்."

"எங்க உட்றது? இந்தாண்ட தடுப்பு. அந்தாண்ட பைப்புக்குத் தோண்டி வெச்சிக்கிறான்."

"பள்ளத்துக்கும் நமக்கும் நடுவுல ஒரு காரு போவும். கொஞ்சம் ஒட்டினாப்பல புடி. யாரு பெத்த புள்ளையோ. ஊட்ல யாருக்கு இன்னாவோ."

சொல்லிவிட்டு இடக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அந்தக் கையைத் தூக்க அவளுக்கு வலக் கையும் சேர்ந்து தாங்க வேண்டியிருந்தது. வா, வா, என்று விரல் அசைந்தது. பிறகு, போ. ஒரு வெள்ளைக் கார் சேற்றை வாரி அடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போயிற்று. ஊரில் பத்துக் காரில் ஒன்பது வெள்ளை. துலுக்கானத்தின் கண் தடுப்பின் மேல் இருந்தது. ஓட்டியவன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

குப்பம்மா கையை உள்ளே இழுத்து, நனைந்த பிளாஸ்திரியை மடியில் துடைத்துக்கொண்டாள்.

"போய்ட்டான்," என்றாள்.

வீட்டு வாசலில் கிஷோர் குடை இல்லாமல் நின்றிருந்தான். வந்து அரைமணி நேரம் ஆகிறது என்று பக்கத்து வீட்டு ராணி சொன்னாள். பாட்டுச் சத்தம் தெருமுனையில் திரும்பியபோதே அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டான். வண்டி நின்றது, பாட்டும் நின்றது. அவன் வந்து அம்மாவைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினான். அவள் அந்த ஈரக் கையை அவன் கன்னத்தில் வைத்தாள்.

"எப்ப வந்தே?"

"இப்பதாம்மா."

"மழைல பாத்து ஓட்டு கண்ணு."

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை பகலில், ராணி செய்து கொண்டுவந்த வடகறியில் இரண்டு வாய் தின்று, உப்பு பத்தவில்லை என்று சொல்லி, அவள் போய்விட்டாள்.

அவள் வீடு வந்த பத்தாம் நாள் கரெண்டு வந்து, ரசாக் ஆக்சிலை அவிழ்த்து, சீட்டை அறுத்து, வெல்டிங் வைத்து, நேராக மாட்டிவிட்டார். வண்டி இப்போது எல்லா வண்டியையும் போல ஓடுகிறது. நடந்ததற்கு அத்தாட்சி என்று ஒன்றும் மிச்சமில்லை. ரசாக் அதைப் பற்றி யாரிடமும் பேச வெட்கப்பட்டார். அதனால்தான் துலுக்கானம் ஊரெல்லாம் பேசினார். தப்பாகச் சொன்னால் தப்பு, பெருமையாகச் சொன்னால் பெருமை. ஆறு வீட்டு ஆட்கள் ரசாக்கிடம் வந்து, எங்கள் வண்டிக்கும் அந்த மாதிரி மாட்டித் தருவீர்களா என்று கேட்டதாக வேறு சொன்னார்.

ஷாமியானாவில் பந்தி உட்கார்ந்தது. கிஷோர் விடவில்லை. ஆக்சிலைத் தலைகீழாக மாட்டியிருந்தால் பல்சக்கரத்துக்கு எண்ணெய் ஏறாமல் அரை கிலோமீட்டரில் இறுகிப்போயிருக்கும் என்றான். நான்தான் ஊத்திகினே வந்தேனே தம்பி, என்று முதல் தடவையாக ரசாக் வாய் திறந்தார். அதற்கும் கிஷோர் தலையாட்டி மறுத்தான். பிறகு எழுந்து போய்விட்டான்.

துலுக்கானம் இலையை மடிக்காமல் கை கழுவிக்கொண்டு பின்னாலேயே போனார். வண்டி தெரு ஓரமாக நின்றது. தார்ப்பாயை எடுத்துவிட்டதால் பின்கதவில் 'கிஷோர்' வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பெயருக்குரியவன் முன்னால், இடப்பக்கச் சீட்டில், பாதத்தை அகட்டி வைத்து உட்கார்ந்திருந்தான். அவர் ஏறி ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தார்.

"நைனா," என்றான்.

அந்தச் சொல்லைத் துலுக்கானம் கேட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"அம்மா வந்துடும், மின்னயே போயி வாசல்ல நிக்கணும்னு வந்துகினு இருந்தேன். முன்னால தார்ப்பா போட்ட வண்டி ஒண்ணு. ரிவர்ஸ் லைட்டு எரியுது, பாட்டு பாடுது, ஆனா முன்னால போவுது. எவனோ குடிச்சிட்டு ஓட்றான்னு நெனச்சேன். திட்டிகினே ஆரன அமுக்கிகினு வந்தேன். அப்ப உள்ள இருந்து ஒரு கை வந்துச்சு நைனா. போன்னு காட்டுச்சு. பிளாஸ்திரி ஒட்டின கை. நான் பாத்தேன். பாத்துட்டுதான் தண்ணிய அட்ச்சிட்டுப் போனேன்."

துலுக்கானம் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். அவள் உன்னைப் பார்த்துவிட்டாள், சிரித்தாள், என் பிள்ளை எப்படி ஓட்டுகிறான் பார் என்று சொன்னாள் என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி ஆகாது. இதைவிடப் பெரிய பெரிய புளுகெல்லாம் வந்த வாய். ஆனால் அன்றைக்கு அந்த வாயில் உள்ளது மட்டுமே வந்தது.

"யாரு பெத்த புள்ளையோ, வயி உடுன்னா. அப்புறம், போய்ட்டான்னா. அவ்ளோதாண்டா சொன்னா."

கிஷோர் இடக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

பந்தியிலிருந்து ராணி கூப்பிட்டாள். பாயசம் ஆறுகிறதாம். அப்பனும் பிள்ளையும் வண்டியில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தீர்களா, நடந்ததா நடக்கவில்லையா என்று கேட்டாள். நாற்பது தலையும் இந்தப் பக்கம் திரும்பின. ரசாக் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிஷோர் கதவைத் திறந்து இறங்கினான்.

"நடந்துச்சுக்கா," என்றான். "ரிவர்ஸ் கியர்லதான் வந்துச்சு. பின்னால நின்ன வரிசையில மொத வண்டி என்னுது."